ஸ்டீம் டெக்: முதலில் பிடிக்காமல், அப்புறம் பிடித்துப்போனவர்கள் இருக்கிறீர்களா?

மவுஸ்பிரியன் (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. "வாங்கலாமா, வேண்டாமா" என்ற வழக்கமான கேள்வி இல்லை இது.

என்னிடம் நல்ல பிசி இருக்கிறது. தள்ளுபடி வரும்போதெல்லாம் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிப் போட்ட கேம்கள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. பாதியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. பகல் முழுக்க உட்கார்ந்த அதே நாற்காலியில் இரவும் போய் உட்கார மனசு வருவதில்லை. அதனால்தான் அந்த ஸ்டீம் கேம்களைக் கையில் பிடித்து ஆட வைக்கிற ஸ்டீம் டெக் பக்கம் கண் போகிறது. ஆனால் அதன் சிறப்பம்சங்கள் என்று சொல்கிறவற்றைப் படிக்கப் படிக்க ஆசை குறைந்துகொண்டே போகிறது.

ஸ்கிரீன் 1280×800. 2022இல் வந்த கருவிக்கு இது போதுமா? இரண்டு பக்கமும் சதுரமாக ஒரு டிராக்பேட். லேப்டாப்பில் இருக்கிற டிராக்பேடையே நான் தொடுவதில்லை, எங்கே போனாலும் மவுஸ் கூடவே வரும். அப்புறம் ஜைரோ. கருவியையே ஆட்டி ஆட்டிக் குறிபார்ப்பது சின்னப் பிள்ளை வேலையாகத் தெரிகிறது. உள்ளே ஓடுவது லினக்ஸ், என் கேம்களோ விண்டோஸுக்கு எழுதியவை. எடை 669 கிராம். நின்டெண்டோவின் பழைய ஸ்விட்ச் 400 கிராமைத் தொடவில்லை.

முதல் நாளே மயங்கியவர்கள் மன்னிக்கவும், உங்கள் பதில் எனக்கு உதவாது. என்னைப் போலச் சந்தேகப்பட்டு, பிறகு மனசு மாறியவர்கள் சொல்லுங்கள்: எது மாற்றியது? எது கடைசிவரை ஒட்டவே இல்லை?

இரவுக்கோட்டான்:

நான் முதல் நாளே மயங்கிய கூட்டம்தான், ஆனாலும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பார்ப்பதாக இருந்தால் ஓஎல்இடி மாடலைப் பாருங்கள், 2023 நவம்பரில் வந்தது. ஸ்கிரீன் 7.4 அங்குலம், 90 ஹெர்ட்ஸ், எடை 640 கிராம். பேட்டரி 40 வாட்-ஹவரிலிருந்து 50 ஆகியிருக்கிறது. ரெசல்யூஷன் மட்டும் அதே 1280×800தான்.

அறுகோணம்:

நீங்கள் தேடுகிற ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். டெக்கை நான் வாங்கவே இல்லை. தம்பி வாங்கினான். டிவியில் மாட்டுகிற கன்சோல் ஒன்று வந்ததும் இதைத் தொடுவதை விட்டுவிட்டு, "உனக்கு வேணுமா, விற்றுடட்டுமா?" என்று கேட்டான். விற்றுவிடு என்றேன். அவன் சோம்பேறி, விற்கிற வேலையைப் பார்க்காமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பழைய எல்சிடி மாடல், 256 ஜிபி.

நான் விளையாடுவதெல்லாம் பெரும்பாலும் ஸ்ட்ராட்டஜி. சிவிலைசேஷன், ஃபேக்டோரியோ, நடுநடுவே ஏதாவது ஒரு கதை கேம். கன்ட்ரோலரை வைத்து இதையெல்லாம் விளையாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அதனால் உங்கள் பட்டியலில் இருக்கிற எல்லாமே என் பட்டியலிலும் இருந்தது.

என்னை முதலில் அசைத்தது நீங்கள் குறிப்பிடாத ஒன்று: பவர் பட்டன். சிரிக்காதீர்கள். ஆட்டத்தின் நடுவில், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே அதை ஒரு தட்டு தட்டினால் ஸ்கிரீன் அணைந்துவிடும். மறுநாள் திரும்பத் தட்டினால் சில நொடிகளில் அதே இடம், ஓங்கிய கத்தி ஓங்கியபடியே நிற்கும். சேவ் பாயின்ட் தேட வேண்டாம், மெனு வேண்டாம். பிசியில் என்ன நடக்கும்? ஆன் செய்து, அப்டேட் கேட்டால் தள்ளிப்போட்டு, லாஞ்சர் திறந்து, கம்பெனி லோகோ மூன்றைப் பார்த்து, லோடிங் முடிவதற்குள் பத்து நிமிஷம் போயிருக்கும். அரைமணி நேரம்தான் இருக்கிறது என்றால் பிசியை ஆன் செய்யவே மாட்டேன். கேம்கள் குவிந்து கிடந்ததற்கு நேரமின்மை காரணம் இல்லை, இந்தத் தொடங்கும் சடங்குதான் காரணம். ஸ்விட்ச்காரர்களுக்கு இது 2017 முதலே பழகிய விஷயம், அவர்கள் இதைப் பெரிதாகச் சொல்லவும் மாட்டார்கள். பிசி கேம்களுக்கு இது கிடைத்ததுதான் எனக்குப் புதிது.

இதிலே ஒரு கண்ணி உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன். கேமை மூடாமல் ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் பிசியில் போய் அதையே திறந்தால், கடைசி சேவ் கிளவுடுக்குப் போயிருக்காது. பொதுவாக கேமை மூடும்போதுதான் அது மேலே ஏறும். ஸ்லீப்பின்போதே ஏற்றிவிடுகிற வசதியை 2022இல் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த கேமைச் செய்தவர்களும் அதைச் சேர்த்திருக்க வேண்டும், எல்லோரும் சேர்ப்பதில்லை. பிசிக்கு மாறப்போகிறீர்கள் என்றால் முறையாக வெளியே வந்துவிடுங்கள்.

இப்போது டிராக்பேட். லேப்டாப் டிராக்பேடை மனசில் வைத்துக்கொண்டு இதை எடைபோடாதீர்கள். அங்கே விரலை மேசை மட்டத்தில் நீட்டி வைத்திருக்கிறோம். இங்கே கருவியைப் பிடித்தபடி கட்டைவிரல் தானாக விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே பேட் இருக்கிறது. ஒரு பக்கம் 32.5 மில்லிமீட்டர் உள்ள சதுரம். விரலை நகர்த்தும்போது உள்ளே இருக்கிற அதிர்வு மோட்டார் டிக் டிக் என்று சின்னச் சின்னதாகத் தட்டும். ஒன்றும் உருளவில்லை, ஆனால் விரலுக்கு அடியில் ஏதோ ஒரு உருண்டை உருள்கிற மாதிரியே இருக்கும். வேகமாக இழுத்துவிட்டால் கர்சர் கொஞ்ச தூரம் தானே ஓடி நிற்கும். சிவிலைசேஷனில் வரைபடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக ஒரே இழுப்பு. ஒரு கட்டத்தின் மேல் கர்சரை வைத்து, விளக்கம் வரக் காத்திருந்து, பேடையே அழுத்தினால் கிளிக். இடப்பக்க பேடில் ஒரு வட்ட மெனு வைத்திருக்கிறேன்: அடுத்த படை, காவல், தூங்கு, முறையை முடி. கீபோர்டு ஷார்ட்கட் எல்லாம் அதில் அடங்கிவிட்டது.

மவுஸ் அளவு வேகம் வருமா? வராது. ரியல்டைம் ஸ்ட்ராட்டஜியில், நொடிக்கு நொடி கிளிக் செய்ய வேண்டிய இடத்தில் இது தோற்றுவிடும், அந்த ஆசையை விட்டுவிடுங்கள். முறைவைத்து ஆடுகிறவை, நிறுத்தி யோசிக்க விடுகிறவை எல்லாம் சுகமாக ஓடும். டெக்கில் எந்த கேமிலும் ஸ்டீம் பட்டனைப் பிடித்துக்கொண்டு வலது பேடைத் தடவினால் மவுஸ் கர்சர் வந்துவிடும். கன்ட்ரோலரே தெரியாத பழைய லாஞ்சர்கள் "ஓகே" கேட்டு நிற்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

ஜைரோவை நீங்கள் நினைக்கிற மாதிரி யாரும் பயன்படுத்துவதில்லை. கருவியை ஸ்டீயரிங் போலச் சுழற்றிக்கொண்டிருப்பது இல்லை. டெக்கின் ஸ்டிக் தலையில் தொடு உணர்வு இருக்கிறது. கட்டைவிரல் அதைத் தொட்டிருந்தால் மட்டும் ஜைரோ வேலை செய்யும்படி வைக்கலாம். விரலை எடுத்தால் நின்றுவிடும். பெரிய திருப்பத்தை ஸ்டிக் செய்யும், கடைசி அரை அங்குலத்தை மணிக்கட்டு செய்யும். போர்ட்டல் 2இல் போட்டுப் பாருங்கள், குறுக்கே யாரும் சுட வரமாட்டார்கள், நிதானமாகப் பழகலாம். முதல் கொஞ்ச நேரம் எரிச்சல்தான். செட்டிங்ஸில் சென்சிட்டிவிட்டியைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: ஜைரோவை மவுஸாக வைத்து மீதியைக் கன்ட்ரோலராக வைத்தால் சில கேம்கள் குழம்பிப்போகும். "ஏ-வை அழுத்து", "ஸ்பேஸை அழுத்து" என்று ஸ்கிரீனில் குறிகள் மாறி மாறித் துடித்துக்கொண்டிருக்கும். அந்த மாதிரி கேமில் ஜைரோவை ஜாய்ஸ்டிக்காக வைத்துக்கொள்ள வேண்டியதுதான், துல்லியம் குறையும்.

ஸ்கிரீன் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7 அங்குலத்தில் 1280×800 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 215 பிக்சல். 24 அங்குல மானிட்டரில் 1080பி (1920×1080) வெறும் 92தான். கண்ணுக்குக் கூர்மை குறைவாகத் தெரியாது. இன்னொரு பக்கம், 1080பியில் இருக்கிற பிக்சல்களில் ஏறக்குறைய பாதியைத்தான் இந்தச் சின்ன சிப் வரைய வேண்டியிருக்கிறது. ஸ்கிரீன் பெரிய ரெசல்யூஷனாக இருந்திருந்தால் கேமைக் குறைந்த ரெசல்யூஷனில் ஓட்டி இழுத்துக் காட்ட வேண்டியிருக்கும், பேட்டரியும் சீக்கிரம் போகும். நிறத்தில் எல்சிடி சுமார்தான். கறுப்பு, சாம்பலாகத் தெரியும். அந்த விஷயத்தில் ஓஎல்இடியைப் பார்க்கச் சொன்னது சரி.

ஒட்டாதவை: டெஸ்க்டாப் மோடு. டெக்கை ஒரு முழுக் கம்ப்யூட்டராக மாற்றலாம் என்று எல்லோரும் சிலாகிப்பார்கள். நான் கம்ப்யூட்டரிடமிருந்து தப்பித்துத்தானே இங்கே வந்தேன். பின்பக்கம் நான்கு பட்டன், அவை கொஞ்சம் விறைப்பு. இறுக்கிப் பிடிக்கும்போது தெரியாமல் அழுந்தும். அவசியம் என்கிற கேமில் மட்டும் வைத்திருக்கிறேன். ஸ்கிரீனில் கீபோர்டு வரவைத்து எழுதுவது தலைவலி.

எடையைப் பற்றி எதுவும் சமாதானம் சொல்லப் போவதில்லை. கனம்தான். தலையணை ஒன்றை மடியில் வைத்து அதன்மேல் சாய்த்துக்கொள்கிறேன். பிடி நல்ல தடிமனாக இருப்பதால் உட்கார்ந்து ஆடும்போது கை அவ்வளவாக உறுத்தாது. மல்லாந்து படுத்துத் தூக்கிப் பிடித்தால் மூக்கு தப்பாது.

கைநடுக்கம்:

மேலே எழுதியதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் எனக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு குரலும் இருக்கட்டும். என் மணிக்கட்டில் பழைய வலி உண்டு. 400 கிராம் தாண்டினால் அது பேசத் தொடங்கிவிடும். கேம் தேர்வும் காரணம். நண்பர்களோடு ஆடுவது பெரும்பாலும் ஆன்லைன் போட்டிகள். ஃபோர்ட்நைட், வேலரன்ட் இரண்டும் டெக்கின் லினக்ஸில் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024 கடைசியில் லினக்ஸுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். இயந்திரத்துக்குச் சக்தி இல்லாமல் இல்லை. ஏமாற்றுவேலையைப் பிடிக்கிற ஆன்டி-சீட் மென்பொருளை லினக்ஸில் அனுமதிப்பதா வேண்டாமா என்பது கேம் கம்பெனியின் முடிவு. இன்று ஓடுவது நாளை நின்றுபோகலாம்.

விண்டோஸ் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். போடலாம். ஆனால் அறுகோணம் சொன்ன அந்த ஸ்லீப் சுகம் அதோடு போய்விடும். அப்புறம் எதற்கு இந்தக் கருவி?

மவுஸ்பிரியன், முதலில் உங்கள் நூலகத்தில் தனியாக ஆடுகிற கேம்கள் எத்தனை என்று பாருங்கள். என்னுடையதை முன்பே பார்த்திருந்தால் நான் வேறு வழியில் போயிருப்பேன்.

மவுஸ்பிரியன்:

இப்படிப்பட்ட பதில்களைத்தான் எதிர்பார்த்தேன், நன்றி. நான் ஆடுவது முக்கால்வாசி தனியாகத்தான். ஆன்டி-சீட் என்னைத் தொடாது.

இரண்டு கேள்வி. கனமான கேம்களை டெக் தாங்குமா, அல்லது நொடிக்கு 30 ஃப்ரேமில் (படங்களில்) தள்ளாடுமா? பிசியில் 60க்குக் கீழே போனால் எனக்குக் கண் உறுத்தும். இன்னொன்று, எழுத்து. சிவிலைசேஷன் மாதிரி கேம்களில் மானிட்டரிலேயே எழுத்து பொடியாக இருக்கிறது. எனக்கு வெள்ளெழுத்து தொடங்கிவிட்டது.

அறுகோணம்:

60 பழகிய கண்ணுக்கு 30 உறுத்தும், உண்மை. அதற்கு நடுவே ஒரு வழி இருக்கிறது, என்னை இரண்டாவது முறை அசைத்தது அதுதான். எல்சிடி டெக்கில் ஸ்கிரீனின் ஹெர்ட்ஸையே, அதாவது அது நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதையே, 40 வரை இறக்கலாம். 40 ஃப்ரேமுக்குப் பூட்டிவிட்டு ஸ்கிரீனையும் 40க்கு வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக ஒருமுறை வரும், திக்கல் இருக்காது.

40 என்றதும் "30ஐவிடக் கொஞ்சம்தானே கூட" என்றுதான் நானும் நினைத்தேன். நேரமாகப் பாருங்கள். 30இல் ஒரு ஃப்ரேம் 33.3 மில்லிசெகண்ட், 60இல் 16.7. இரண்டுக்கும் சரிபாதி 25, அதாவது 40 ஃப்ரேம். ஆக, 60க்குப் போகிற வழியில் பாதி தூரம் வந்தாயிற்று, செலவோ 60இன் அளவுக்கு இல்லை. விட்சர் 3ஐ ரே டிரேசிங் (நிஜம் போன்ற ஒளியமைப்பு) இல்லாமல், செட்டிங்ஸை நடுத்தரத்தில் வைத்து இப்படித்தான் ஆடுகிறேன். மானிட்டரில் பார்த்தால் குறை சொல்வேனாக இருக்கும், கையளவு ஸ்கிரீனில் சொல்லத் தோன்றவில்லை. வலப்பக்கம் மூன்று புள்ளி போட்ட பட்டனை அழுத்தினால் இதெல்லாம் வரும். "இந்த கேமுக்கு மட்டும்" என்பதை ஆன் செய்துவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் எல்லா கேமையும் பாதிக்கும்.

பேட்டரிக்கும் அங்கேதான் சாவி. சிப்பை முழு 15 வாட்டில் ஓடவிட்டால் 40 வாட்-ஹவர் பேட்டரி இரண்டு மணிநேரம்கூடத் தாங்காமல் போகலாம். ஸ்டார்டியூ வேலி மாதிரி லேசான கேமுக்கு 15 வாட் எதற்கு? 5க்கு இறக்கிவிட்டால் வித்தியாசமே தெரியாது, நேரம் மட்டும் நீளும்.

எழுத்து விஷயத்தில் நீங்கள் பயப்படுவது நியாயம். டெக்கில் நன்றாக ஓடும் என்று ஸ்டீம்காரர்கள் சோதித்துப் பச்சைக் குறி போட்ட "வெரிஃபைட்" கேம் என்றால் 1280×800இல் மிகச் சின்ன எழுத்துகூட 9 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 9 பிக்சல் என்பது இந்த ஸ்கிரீனில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். வெள்ளெழுத்துக்காரருக்கு அது போதாது. ஆடலாம், ஆனால் சில குறைகள் உண்டு என்று மஞ்சள் குறி போட்டவற்றில் அதைவிடச் சிறியதாகவும் வரலாம். கேமுக்குள்ளேயே இன்டர்ஃபேஸ் அளவைப் பெரிதாக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஸ்டீம் பட்டனோடு எல்1ஐப் பிடித்தால் ஒரு பூதக்கண்ணாடி வரும். அதை வைத்து ஒரு கேமை முழுக்க ஆட முடியாது, விளக்கம் படிக்க உதவும். நான் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் ஆடுகிறேன், கௌரவம் பார்ப்பதில்லை.

பழையகார்ட்ரிட்ஜ்:

லினக்ஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. காரணம், டெக் வைத்திருப்பவர்களுக்கு அது ஞாபகத்துக்கே வருவதில்லை. புரோட்டான் என்று ஒரு மென்பொருள், 2018 முதல் இருக்கிறது. விண்டோஸ் கேம் டைரக்ட்எக்ஸ் என்ற விண்டோஸ் கிராஃபிக்ஸ் மொழியில் கேட்பதை, லினக்ஸுக்குப் புரிகிற வல்கனுக்கு இது அப்போதே மாற்றிக் கொடுத்துவிடும். பயன்படுத்துகிறவர் ஒன்றும் செய்ய வேண்டாம், "இன்ஸ்டால்" அழுத்தினால் போதும். டெக் எல்லாமே ஒரே மாதிரி வன்பொருள் என்பதால் ஷேடர்களை (காட்சியை வரைகிற சின்ன நிரல்களை) முன்கூட்டியே தயாரித்து இறக்கிவிடுகிறார்கள். 2022இல் எல்டன் ரிங் வந்தபோது நல்ல பிசிகளிலேயே திக்கித் திக்கி ஓடியது நினைவிருக்கும். டெக்கில் அந்தத் திக்கல் குறைவு.

இடம்தான் சிக்கல். அந்த ஷேடர் கோப்புகளும் சேர்ந்து வட்டை நிரப்பும். பெரிய கேம் இரண்டு போட்டாலே 256 ஜிபி மூச்சுமுட்டும். மைக்ரோஎஸ்டி கார்டு போடலாம், லோடிங் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

மவுஸ்பிரியன்:

சரி, பாதி வழிக்கு வந்துவிட்டேன். அலுவலக நண்பர் ஒருவர் தன் டெக்கைச் சில நாள் தரத் தயாராக இருக்கிறார். என் கேம்களை அதில் ஆட முடியுமா, அவருடைய சேவ்கள் கெட்டுவிடுமா? முதலில் எதைப் போட்டுப் பார்க்கலாம்?

அறுகோணம்:

உங்கள் கணக்கைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். கிளவுடில் ஏறுகிற சேவ்கள் கணக்குவாரியாகத் தனித்தனிதான். மற்றவற்றுக்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டெக்கில் ஏற்கெனவே இருக்கிற கேம் உங்களிடமும் இருந்தால் மறுபடி இறக்க வேண்டியதில்லை.

முதலில் அப்பர்ச்சர் டெஸ்க் ஜாப் என்ற கேமைப் போடுங்கள். இலவசம், சின்னது, டெக்கின் பட்டன்களைப் பழக்கவே செய்தது. அது முடிந்ததும் சிவிலைசேஷன். நேராக கேமுக்குள் போகாமல், கன்ட்ரோலர் செட்டிங்ஸில் மற்றவர்கள் செய்துவைத்த லேஅவுட்கள் இருக்கும், அங்கே போங்கள். அதிக நேரம் பயன்படுத்தப்பட்டது மேலே நிற்கும், அதை எடுத்துக்கொண்டு வலது பேடின் சென்சிட்டிவிட்டியை மட்டும் உங்கள் விரலுக்கு ஏற்ப மாற்றுங்கள். ஜைரோவை முதல் இரண்டு மூன்று நாள் தொடாதீர்கள். விட்சர் மாதிரி கனமானதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நண்பரிடம் டெக்கை வாங்கும்போது சார்ஜரையும் மறக்காமல் கேளுங்கள், 45 வாட் யூஎஸ்பி-சி. போன் சார்ஜரை மாட்டிக்கொண்டு கனமான கேம் ஆடினால் சார்ஜ் ஏறாது, இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.